கூடச் சாப்பிட்டவர் யார்

அன்பு மகள் சுண்டுவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. இங்கே நான் சுகம். இதை எழுதும்போதே பேனா கொஞ்சம் தயங்குகிறது, ஏனென்றால் போன மாதம் இதே வார்த்தையை மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து உன்னிடம் போனில் சொன்னேன், அதில் இரண்டு ஞாயிறு சொன்னது சுத்தப் பொய். முகத்தைக் காட்டுங்கப்பா என்று நீ கேட்டபோது போனில் கேமரா வேலை செய்யவில்லை என்றேன். கேமராவுக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் உடம்பு சரியில்லை. இதையெல்லாம் போனில் சொன்னால் நீ நடுவில் அழுவாய், இல்லாவிட்டால் திட்டுவாய், நானும் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் இத்தனை வருஷத்துக்குப் பிறகு தாளை எடுத்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. போன ஞாயிறு நீ பேசும்போது, பேத்திக்கு மூக்கு ஒழுகுகிறது, இரண்டு தடவை வாந்தி எடுத்தாள், வயிறும் போகிறது, பள்ளியில் போடுகிற சாப்பாட்டில்தான் ஏதோ கோளாறு, அந்தச் சமையல்காரம்மாவைப் பற்றி நாலு வரி காரமாக எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்றாய். என் கடிதம் வரும்வரை பொறு என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டாய், நான் மழுப்பிவிட்டேன். பொறுத்திருப்பாய் என்று நம்புகிறேன், ஆனால் நீ என் மகள், கையில் பேனா கிடைத்தால் உனக்கும் பொறுமை இருக்காது.

போனில் நான் பன்னிரண்டரை என்று சொல்வேனே, அந்த அம்மாளை உனக்கு நினைவிருக்கும். அம்மா போனபின் நீ வந்து ஒரு மாதம் தங்கி, திரும்பிப் போகும்முன் தேடிப்பிடித்து ஏற்பாடு செய்துவிட்டுப் போனாயே, மதியச் சாப்பாடு கொண்டுவருகிற அந்த அம்மாள்தான். நீ போனபிறகு இந்தக் கட்டடத்தில் இன்னும் ஆறு வீட்டுக்காரர்கள் அவளிடம் சாப்பாடு வாங்க ஆரம்பித்தார்கள். சொல்லிவைத்தாற்போல் பன்னிரண்டரைக்கு முதல் மாடிப் படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்கும், அதனால் எல்லோரும் அவளை அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள். நான் நான்காவது மாடி என்பதால் கடைசியாக வருவாள். கேரியரின் பிடியால் கதவில் இரண்டு தட்டு தட்டுவாள். திறந்தால், நேற்று உப்பு சரியாக இருந்ததா, இருமல் மருந்து தீர்ந்துவிட்டதா, உங்கள் பெண் பேசினாளா, பேத்தி என்ன சொன்னாள் என்று நாலு கேள்வி கேட்பாள். நான் பதில் சொல்வேன், பழைய கேரியரை வாங்கிக்கொண்டு போவாள். இரண்டு நிமிஷம், அதிகம் போனால் மூன்று. அந்த மூன்று நிமிஷம்தான் நான் ஒரு நாளில் பேசுகிற பேச்சு முழுவதும் என்பது எனக்கே தெரியாமல் இருந்தது. தெரிந்திருந்தால் பின்னால் நான் செய்ததைச் செய்திருக்கமாட்டேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். வாந்தி. பிறகு வயிற்றுப்போக்கு. விடியும்வரை கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடந்த நடையைச் சேர்த்து வைத்திருந்தால் உன் ஊருக்கே வந்து சேர்ந்திருப்பேன். முப்பத்துநாலு வருஷம் உணவு ஆய்வாளராக வேலை பார்த்தவனுக்கு இது என்ன என்று யாராவது சொல்லித்தர வேண்டுமா. எத்தனை கல்யாண மண்டபம், எத்தனை விடுதி, எத்தனை கேன்டீன், சட்டியின் மூடியைத் திறக்கும்போதே ஆவியின் வாசனையில் சொல்லிவிடுவேன் என்று என் இலாகாவில் பெயர் எடுத்தவன் நான். உணவில் நச்சு, சந்தேகமே இல்லை என்று முடிவு கட்டினேன். நான் வெளியே எதுவும் தின்பதில்லை, ஆகவே குற்றவாளி ஒருத்திதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் கால் நடுங்க எழுந்து நான் செய்த காரியத்தைக் கேள். மிச்சமிருந்த சாப்பாட்டை வெந்நீரில் அலசிய ஒரு பாட்டிலில் எடுத்து, மூடி, ஒட்டுநாடா சுற்றி, தேதி, நேரம், இடம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டு, எங்கள் பழைய பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுத்தனுப்பினேன். பிறகு ஒரு தாளை எடுத்து, குடியிருப்போர் அனைவரின் கவனத்துக்கும் என்று தலைப்பிட்டு, மேற்படி நபர் வழங்கும் உணவு பாதுகாப்பற்றது எனச் சந்தேகிக்கப்படுவதால் மறு அறிவிப்பு வரும்வரை உட்கொள்ளலாகாது என்று எழுதி, கீழே என் பெயர், அதன் கீழே உணவு ஆய்வாளர், அடைப்புக்குள் ஓய்வு, எல்லாம் போட்டு, மாடிப்படிக்குக் கீழே உள்ள பலகையில் அவனையே விட்டுக் குத்தச் சொன்னேன். உடம்பு முடியாமல் கிடந்தவனுக்கு அதை எழுதும்போது மட்டும் எங்கிருந்தோ தெம்பு வந்தது. ஓய்வு பெற்ற இத்தனை வருஷத்தில் என் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருப்பதுபோல அன்றைக்குத்தான் தோன்றியது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அன்றைக்கும் பன்னிரண்டரைக்கு வந்தாள். பலகையைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள், முகமே அவள் முகமாக இல்லை. நான் கதவைப் பாதிதான் திறந்தேன். சார், நேத்து நானும் அதைத்தானே சாப்பிட்டேன், என் வீட்டுக்காரரும் அதைத்தானே சாப்பிட்டாரு, எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா. விசாரணை நடக்குதும்மா, நீ அதுல தலையிடாதே என்றேன். முப்பத்துநாலு வருஷம் யார் யாரிடமோ சொன்ன வாக்கியம், நாக்கில் தயாராக இருந்தது. கதவைச் சாத்திவிட்டேன். செருப்புச் சத்தம் மெதுவாக இறங்கிப் போனது. அன்று சாயங்காலத்துக்குள் ஆறு வீடும் அவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இன்ஸ்பெக்டரே எழுதியிருக்கிறார் என்றால் அப்புறம் என்ன யோசனை.

அதற்குப் பிறகு வந்த இரண்டு நாளை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. புதன்கிழமை காய்ச்சல் வந்தது, தொண்டை கரகரத்தது, இருமல் பிடித்துக்கொண்டது. பலவீனமாய்க் கிடந்த உடம்பில் மின்விசிறிக் காற்று பட்டுச் சளி பிடித்திருக்கிறது, அது வேறு, இது வேறு என்று அதற்கும் நானே தீர்ப்புச் சொன்னேன். அலமாரியில் போன வருஷம் பல் பிடுங்கியபோது வாங்கி மிஞ்சிய கிருமிக்கொல்லி மாத்திரை கிடந்தது, அதை எடுத்து விழுங்கினேன், வயிறு இன்னும் மோசமானது. குளியலறைச் சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்திருந்தேன், எழுந்து போய்த் திரும்பி வருவதற்கு அதுவே சௌகரியமாக இருந்தது. தண்ணீர் குடித்தால் தங்கவில்லை, குடிக்காவிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டரை ஆகும். கடிகாரத்தைப் பார்ப்பேன். படியில் சத்தம் ஏதும் இல்லை. ஒன்றாகும், இரண்டாகும். இந்தக் கதவைத் தட்ட உலகத்தில் ஒருத்தி இருந்தாள், அவளையும் நானே எழுத்து மூலம் விலக்கிவிட்டேன். இப்படியே போய்ச்சேர்ந்தால் யாருக்கு எப்போது தெரியும் என்று யோசித்தேன். ஊரில் உள்ள அடுப்படியெல்லாம் மோந்து பார்த்தவனை இந்தக் கட்டடம் மோந்துதான் கண்டுபிடிக்கும் என்று தோன்றி, அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமல் வந்து, இருமியதில் மறுபடி வாந்தி வந்தது. பயமாக இருந்தது சுண்டு. உன்னைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தேன், உனக்கு அங்கே அலுவலக நேரம், இத்தனை தூரத்திலிருந்து நீ என்னதான் செய்ய முடியும் என்று வைத்துவிட்டேன். அது தப்பு என்று இப்போது தெரிகிறது.

வெள்ளிக்கிழமை காலையில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி, வாடகைக் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் உன் வயசுப் பெண். நாக்கைப் பார்த்தாள், கையில் தோலைக் கிள்ளிப் பார்த்தாள், உடனே ஊசி குத்தி நரம்பில் குளுக்கோஸ் ஏற்றச் சொன்னாள். பிறகு ஒரு மெல்லிய குச்சியை எடுத்து என் மூக்குக்குள் விட்டாள். வயித்துப்போக்குன்னு வந்தவனுக்கு மூக்குல என்னம்மா பார்க்கறே என்று கேட்டேன். இருங்க சார், பார்க்கலாம் என்றாள். பார்த்துவிட்டு வந்து, சளிக்காய்ச்சல் வைரஸ் என்றாள். நெஞ்சிலும் தொண்டையிலும் உட்கார வேண்டிய கிருமி என் வயிற்றில் என்ன செய்கிறது என்று எனக்குப் புரியவில்லை, விடாமல் கேட்டேன். அவளும் சளைக்காமல் சொன்னாள். மூக்குக்கும் குடலுக்கும் நடுவுல சுவரா கட்டியிருக்கு சார், சளியை நாம பாதி விழுங்கத்தானே செய்யறோம் என்றாள். விழுங்கியதெல்லாம் வயிற்றைக் கெடுப்பதில்லையாம், ஆனால் மூச்சுக்குழாயைப் பிடிக்கிற சில வைரஸ்களுக்குக் குடலின் உள்தோலிலும் ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்கிறதாம். அது குடலைத் தொடாவிட்டாலும்கூட, அதை எதிர்த்து உடம்பு போடுகிற சண்டையில் ரத்தத்தில் கலக்கிற ரசாயனங்கள் குடலையும் கலக்கிவிடும், பசி போகும், குமட்டும், குடலில் குடியிருக்கும் நல்ல நுண்ணுயிர்களின் கணக்கும் குலைந்துபோகும் என்றாள். குழந்தைகளுக்கு இது ரொம்ப சகஜமாம், பெரியவர்களிலும் சிலருக்கு இருமல் தொடங்குமுன் வயிறுதான் முதலில் கெடுமாம். மாத்திரை விழுங்கிய கதையைச் சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டாள். வைரஸுக்கு அது ஒண்ணும் பண்ணாது சார், உள்ள இருந்த நல்லதுங்களையும் சேர்த்துக் கொன்னுட்டீங்க, அதான் வயிறு இன்னும் மோசமாச்சு என்றாள்.

எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், சீட்டு எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் ஒன்று கேட்டாள். ஆமா சார், உங்க கூடச் சாப்பிட்டவங்க வேற யாருக்காவது இப்படி ஆச்சா என்றாள். சுண்டு, அது என் கேள்வி. எந்தப் புகார் வந்தாலும் சட்டியைத் திறக்கும்முன் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். கூடச் சாப்பிட்டவர் யார், அவர்களுக்கு என்ன ஆயிற்று. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் முதல் பாடமாக வைத்தேன். பத்துப் பேர் தின்று ஒருவன் மட்டும் விழுந்தால் சட்டியை விடு, ஆளைப் பார் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அதே பானைச் சாப்பாட்டை ஆறு வீட்டில் தின்று எல்லோரும் கல்லுக்குண்டாக இருந்தார்கள். அவளே வந்து வாசலில் நின்று நானும் சாப்பிட்டேன் என்றாள். எனக்கு ஏன் அந்தக் கேள்வி வரவில்லை என்று குளுக்கோஸ் இறங்கும்வரை யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். அம்மா போனதிலிருந்து ஒரு தட்டுதான் வைக்கிறேன். கூடச் சாப்பிட்டவர் யார் என்றால் யாருமில்லை என்று மனசு முன்னாலேயே விடை எழுதி வைத்திருக்கிறது போல. தனியாக உட்கார்ந்து தின்றால் உலகத்திலேயே நாம் ஒருவன்தான் தின்கிறோம் என்று புத்தி மழுங்கிவிடுகிறது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வந்தது, என்னிடம் வேலை கற்றுக்கொண்டு இப்போது அங்கே பெரிய ஆளாக இருக்கிறவன்தான் பேசினான். ஐயா, சாப்பாடு சுத்தம், ஒரு குறையும் இல்ல என்றான். கொஞ்சம் தயங்கி, நல்லா சமைக்கறாங்க போல, எங்க கேன்டீனுக்கு வருவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்களேன் என்றும் சொன்னான். அவனைக் கோபித்துக்கொள்ளவும் எனக்கு முகம் இல்லை.

இன்னொரு தாள் எடுத்தேன். முந்தைய அறிவிப்பு முற்றிலும் தவறு, என் நோய்க்குக் காரணம் சளிக்காய்ச்சல், மேற்படி அம்மாளின் உணவில் பழுதில்லை என்று அதே தலைப்பில், அதே கையெழுத்தோடு எழுதி நானே போய்க் குத்தினேன். முதல் அறிவிப்பை ஒரு மணி நேரத்தில் கட்டடமே படித்தது. இரண்டாவதை எத்தனை பேர் படித்தார்கள் என்றால், மறுநாளே அதன்மேல் தண்ணீர்த்தொட்டி கழுவும் அறிவிப்பைக் குத்திவிட்டார்கள், அவ்வளவுதான். பிறகு அவள் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். பின்தெருவில் ஒரு தையல்கடைக்குப் பின்னால் இரண்டு அறை. கழுவிக் கவிழ்த்த கேரியர்கள் சுவரோரம் வரிசையாக இருந்தன, அதில் என்னுடையதும் இருந்தது. அடுப்பில் அவர்கள் இருவருக்கு மட்டும் சின்னச் சட்டியில் ஏதோ கொதித்தது, பெரிய பானை பரண்மேல் ஏறிவிட்டது. என்மேல்தான் தப்பு, மன்னிச்சுடும்மா என்றேன். அவள் வாசற்படியை விட்டு நகரவில்லை. உங்க பொண்ணுகிட்ட சரின்னு சொல்லியிருக்கேன் சார், அதனால சாப்பாடு கொண்டு வந்து வைக்கறேன், ஆனா இனிமே கதவைத் தட்ட மாட்டேன் என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

சொன்னபடியே செய்தாள். ஒன்பது நாள், பன்னிரண்டரைக்குப் படியில் சத்தம், கதவுக்கு வெளியே ஆணியில் கேரியர் மாட்டும் சத்தம், இறங்கிப்போகும் சத்தம். நான் உள்பக்கம் நின்றுகொண்டிருப்பேன். திறந்தால் முகத்தைப் பார்க்கலாம், திறக்க எனக்குத் துணிவு வரவில்லை. சாப்பாடு சூடாகத்தான் இருந்தது. உப்பு சரியாக இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்டபோது சாப்பிட்டேன் என்றேனே, அது மட்டும் பொய்யில்லை.

இன்றைக்குப் பன்னிரண்டரை தாண்டியும் சத்தம் வரவில்லை. ஒன்றரைக்குக் கதவைத் திறந்து பார்த்தேன், ஆணி காலி. சரி, வெறுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கினால் வாட்ச்மேன் சொல்கிறான், அந்தம்மாவுக்கு நேத்திலேர்ந்து வாந்தி பேதி சார், எழுந்திருக்கவே முடியலையாம். கூடவே இதையும் சொன்னான். மாடியில எல்லாம் பேசிக்கறாங்க சார், அவ சமையல் அவளுக்கே ஒத்துக்கல, இன்ஸ்பெக்டர் அன்னிக்கே சொன்னாரேன்னு. இருமல் இருக்கா என்று கேட்டேன். இருக்கு சார், ரெண்டு மூணு நாளா லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டேதான் படியேறுவாங்க என்றான். உள்பக்கம் நின்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தவன் நான், அந்த இருமலும் காதில் விழத்தான் செய்தது. எழுதிய தப்பு என் கையைவிட்டுப் போய்த் தானாக நடமாடிக்கொண்டிருக்கிறது பார்.

பலகையை நம்பிப் பயனில்லை என்று ஆறு வீட்டுக் கதவையும் போய்த் தட்டினேன். சொன்னது தப்பு, நான்தான் தப்பு, அவளுக்கு வந்திருப்பதும் சளிக்காய்ச்சலாகத்தான் இருக்கும், சாப்பாட்டின்மேல் பழி போடாதீர்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னேன். இரண்டு பேர் தலையாட்டினார்கள். மூன்றாம் மாடி வங்கிக்காரம்மா, நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டீங்க, இப்ப எதை நம்பறது என்றாள். ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை, உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்கும் போய்த் தட்டுவேன். வேறு வேலை என்ன இருக்கிறது எனக்கு.

சுண்டு, கடிதம் வந்து சேர நாளாகும், அதனால் இதை இன்றைக்கே போனிலும் சொல்லிவிடுகிறேன்: பேத்திக்கு அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் கொடு, டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள், ஒரேயடியாகக் குடிக்க வைக்காதே. வாய் உலர்ந்தாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, வெகுநேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, துவண்டு கிடந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடு. வீட்டில் மிஞ்சிய மாத்திரை எதையும் கொடுக்காதே. அவள் வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகுகிறது என்று கேள், கூடச் சாப்பிட்ட மற்றப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேள். அந்தச் சமையல்காரம்மாவை நேரில் போய்ப் பார்த்து நாலு வார்த்தை பேசு. அதற்குப் பிறகும் எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுது. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்டகாலம் நிறைவாக இருக்க வேண்டும், வேறொன்றும் எனக்கு வேண்டியதில்லை. மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். பேத்திக்கு நெற்றியில் ஒரு முத்தம், சளி வடிந்தாலும் பரவாயில்லை.

அடுப்பில் கஞ்சி வைத்திருக்கிறேன், குழையட்டும் என்றுதான் இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருந்தேன். உன் அம்மா வைக்கும் பக்குவம் எனக்கு வராது, ஆனால் அரிசியைக் களைந்தேன், தண்ணீரைக் கொதிக்க வைத்தேன், பாத்திரத்தை வெந்நீரில் அலசினேன், கையை இரண்டு தடவை கழுவினேன். இப்போது அதைக் கேரியரில் ஊற்றிக்கொண்டு பின்தெருவுக்குப் போகப்போகிறேன். ஆணியில் மாட்டிவிட்டு வரமாட்டேன், கதவைத் தட்டுவேன், திறக்கும்வரை நிற்பேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன் என்று அவள் சொன்னால் தாராளமாகப் பார்க்கட்டும். ஆறிப்போவதற்குள் போகவேண்டும், இத்துடன் முடிக்கிறேன்.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அப்பா